மிஸ்டர் டல்கார்னோவின் ஜோடி

திங்கட்கிழமை காலையில் ஹெஸ்டர் பாஸ்கோ செய்தித்தாளை மடித்து ரொட்டித் தட்டுக்கு அடியில் செருகினாள். ஆத்திரம் அடங்காமல் மறுபடி உருவியெடுத்துப் படித்தாள். எழுதியிருந்தது மாறவில்லை. "கலப்பு இரட்டையர் கோப்பையை மிஸ்டர் ரூபர்ட் டல்கார்னோ மூன்றாவது ஆண்டாக வென்றார். அவருக்கு ஜோடியாக மிஸ் பாஸ்கோ ஆடினார்." அவ்வளவுதான். அதே சனிக்கிழமை, அதே மெல்போர்ன் புல்தரையில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் தனியாக ஆடி விக்டோரியா மாநிலத்தின் பெண்கள் பட்டத்தை வென்றிருந்தாள். அந்தச் செய்தி மட்டக்குதிரைப் பந்தய முடிவுகளுக்குக் கீழே, பன்றி விலைக்கு மேலே, இரண்டே வரியில் ஒடுங்கிக் கிடந்தது.

எதிரே உட்கார்ந்து ரொட்டியில் பன்றிக் கொழுப்பைத் தடவிக்கொண்டிருந்த அப்பா ஜேபஸ் மகளின் முகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, தோத்துட்டியா?"

"ஜெயிச்சேன்பா."

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்தான்."

"அப்புறம் எதுக்கு எவனோ கடையைக் கொளுத்திட்டுப் போன மாதிரி உக்காந்திருக்க?"

அவள் செய்தித்தாளை அவர் பக்கம் தள்ளினாள். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, பன்றி விலையை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் மேலே ஏறினார். "நல்லாத்தானே போட்டிருக்கான். உம் பேரும் இருக்கே" என்றார். ஹெஸ்டர் எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

மெல்போர்னுக்கு வடக்கே, தங்கச் சுரங்க ஊரான பெண்டிகோவில் ஜேபஸ் பாஸ்கோவுக்குக் குதிரைத் தீவனக் கடை. சுரங்கங்களுக்குப் போகும் வண்டிக் குதிரைகள் பாதிக்கு மேல் அவர் வெட்டிக் கொடுக்கும் வைக்கோலைத்தான் தின்றன. கடைக்குப் பின்னால் இருந்த கிட்டங்கியின் தகரச் சுவர்தான் ஹெஸ்டருக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தது. பத்து வயதில், அண்ணன் தூக்கிப்போட்ட உடைந்த மட்டையை வைத்துக்கொண்டு அந்தச் சுவரோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தாள். தகரம் மடிந்த இடத்தில் பட்டால் பந்து எந்தத் திசையில் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. எங்கே திரும்பினாலும் ஓடிப்போய் எடுத்தாள். இருபத்திரண்டு வயதில் மெல்போர்னுக்குப் போய் அங்கே இருந்த பெரிய வீட்டுப் பெண்களை ஒருவர் பின் ஒருவராகத் தோற்கடித்தபோது, அவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: இவளிடம் எங்கே அடித்தாலும் பந்து திரும்பி வந்துவிடுகிறது.

திரும்பி வந்த பந்தெல்லாம் கலப்பு இரட்டையர் ஆட்டத்தில் என்ன ஆயிற்று என்று கேட்டால், ரூபர்ட் டல்கார்னோ எடுத்துக்கொண்டான்.

ரூபர்ட் பெண்டிகோவில் வங்கி உத்தியோகஸ்தன். ஆறடிக்கு மேல் உயரம், நீளமான கை, சுருட்டை முடி. வலைக்குப் பக்கத்தில் நின்று பந்து தரையில் படுவதற்கு முன்பே தட்டி விழவைப்பதில் அவனுக்கு ஈடாக மாநிலத்தில் ஆள் இல்லை. அதை ஹெஸ்டரே ஒத்துக்கொள்வாள். தொல்லை என்னவென்றால், தன் பக்கத்துப் பந்து, அவள் பக்கத்துப் பந்து என்ற பாகுபாடெல்லாம் அவன் மண்டைக்குள் ஏறவே இல்லை. அவள் காலை ஊன்றி, மட்டையைப் பின்னுக்கு இழுத்து, பந்தைக் கண்ணால் பிடித்து அடிக்கப் போகும் நேரத்தில் குறுக்கே ஒரு வெள்ளைக் கால்சட்டை பாயும். "விடுங்க மிஸ் பாஸ்கோ, நான் பாத்துக்கறேன்!" என்ற குரல் கேட்கும். பந்து எதிரணியின் காலடியில் போய் விழும். ஜனங்கள் கைதட்டுவார்கள். அவள் ஓங்கிய மட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கீழே இறக்குவாள்.

வேறு ஆளைத் தேடிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். கேட்டவர்களும் உண்டு. ஆனால் ஜோடியாக ஆட ஆண்தான் கேட்க வேண்டும். பெண் போய்க் கேட்டால் ஊரே பேசும். அவளைக் கேட்ட மற்ற ஆண்களில் ஒருவர், பந்து தன்னை நோக்கி வரும்போது கண்ணை மூடிக்கொள்வார். இன்னொருவர் ஒவ்வொரு புள்ளி போனதும் சூரியனையோ ஈயையோ திட்டுவார். ரூபர்ட்டோடு ஆடினால் கோப்பை வரும். அவளுக்கும் ஜெயிப்பது பிடிக்கும். மாட்டிக்கொண்டது அங்கேதான்.

அவன் கெட்டவனாக இருந்திருந்தாலாவது வெறுத்துத் தொலைக்கலாம். அதற்கும் வழி இல்லை. ரயிலடியில் அவள் பையை அவன்தான் தூக்குவான். ஆட்டத்துக்கு நடுவில் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, நாரெல்லாம் எடுத்துக் கொடுப்பான். தோற்ற நாளில் தன்மேல் பழியைப் போட்டுக்கொள்வான். ஊர்க்காரர்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, தேவாலய வாசலில் அவள் அப்பாவைப் பிடித்துக்கொண்டு, "என்ன ஜேபஸ், ஜோடி நிரந்தரமாகப் போகுதாமே?" என்று கண்ணடிப்பார்கள். ஜேபஸ் அதை வீட்டுக்கு வந்து அப்படியே சொல்வார். அன்றைக்கு ராத்திரி உருளைக்கிழங்கு பச்சையாகவே மேசைக்கு வரும்.

அடுத்த வருடம் அரையிறுதி ஆட்டத்தில் விபரீதம் நடந்தது. அவளுக்கென்றே வந்த பந்து. நெஞ்சுக்கு நேரே, தாலாட்டுகிற மாதிரி மெதுவாக வந்தது. அவள் அடித்தாள். அதே பந்தை அவனும் அடித்தான். அவன் மட்டையின் விளிம்பு அவள் நடுவிரலில் இறங்கியது. கண்ணில் பூச்சி பறந்தது. நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்தார். யாரோ பனிக்கட்டி கொண்டு வந்தார்கள்.

"ஐயோ, மிஸ் பாஸ்கோ! நான் சொன்னேனே, நான் பாத்துக்கறேன்னு சத்தமாத்தானே சொன்னேன்!"

"சொன்னீங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "அது என் பந்து."

"ஆமா, உங்க பந்துதான். கஷ்டமான பந்தா இருந்துச்சா, அதான் உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு..."

"அது கஷ்டமான பந்தா? எங்க அப்பாகூட அடிப்பாரு அதை!"

மறுநாள் விரலை மரக்குச்சியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் ஆடினாள். மட்டையைப் பிடிக்கவே முடியவில்லை. முந்தைய வருடம் அவள் அலட்சியமாகத் தோற்கடித்த பெண்ணிடம் பட்டத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். செய்தித்தாள் அந்த மோதலை மறக்காமல் எழுதியிருந்தது. மிஸ்டர் டல்கார்னோவின் மட்டை நரம்பு அறுந்துபோனதாம். பழக்கமில்லாத மட்டையோடு மிச்ச ஆட்டத்தை ஆட வேண்டிய சங்கடம் அவருக்கு ஏற்பட்டதாம். விரலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

விரல் ஆறியதும் வங்கிக்கே போய் அவனைப் பார்த்து நேராகச் சொன்னாள். இனிமேல் நடுக்கோட்டைத் தாண்டி வரக்கூடாது. வந்தால் அவனோடு ஆட மாட்டாள். அவன் முகம் வாடிப்போய்விட்டது. கண்ணில் தண்ணீரே வந்துவிடும் போல இருந்தது. "சத்தியமா வரமாட்டேன்" என்றான். அடுத்த ஆட்டத்தில் முதல் இரண்டு புள்ளிகளுக்கு வரவில்லை. மூன்றாவது புள்ளியில் வந்தான். அவனுக்கு அது தெரியக்கூட இல்லை. பந்தைப் பார்த்ததும் கால் தானாக நகர்ந்துவிடுகிறது, நாய்க்கு முயலைப் பார்த்தால் நகர்கிற மாதிரி. ஆட்டம் முடிந்து வந்து, "பாத்தீங்களா, இன்னைக்கு நான் வரவே இல்லையே!" என்று அவன் சந்தோஷமாகச் சொன்னபோது, அவளுக்கு எதில் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

போர் தொடங்குவதற்கு முந்தைய கோடையில் அவர்கள் மறுபடியும் மாநில இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். முந்தைய நாள் மெல்போர்ன் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வடக்குக் காற்று அனலாக அடித்தது. ஜன்னலைத் திறந்தால் புகைக்கரி, மூடினால் புழுக்கம். பாதி வழி தாண்டியதும் ரூபர்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"மிஸ் பாஸ்கோ, ஒண்ணு சொல்லணும். அடுத்த வருஷம் என்னை காசில்மெய்ன் கிளைக்கு மேலாளராப் போடறாங்க. வீடும் குடுப்பாங்க. கோழி வளக்க இடம் இருக்கு."

"நல்லது."

"நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா என்னன்னு யோசிச்சேன். உங்களுக்கு ஒரு கவலையும் வேண்டாம். எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

ஹெஸ்டர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அந்தப் பார்வையைக் கூச்சம் என்று நினைத்தான்.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன். அவங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். வங்கியிலயும் மேலாளர்கிட்ட ஜாடையாச் சொல்லி வச்சிருக்கேன். விருந்துக்கு எங்க சித்தி வீட்டுத் தோட்டம்னு முடிவு பண்ணியாச்சு..."

"என் சம்மதம்?"

"அதான் இப்ப கேக்கறேனே."

"எல்லாத்தையும் பாத்துக்கிட்டீங்க, இதையும் நீங்களே பாத்துக்க வேண்டியதுதானே" என்றாள். "முடியாது, மிஸ்டர் டல்கார்னோ. எனக்கு இஷ்டமில்லை. உங்க அம்மாகிட்டயும் மேலாளர்கிட்டயும் சித்திகிட்டயும் சொல்லிடுங்க."

மெல்போர்ன் வரும்வரை ஹெஸ்டர் ஜன்னலுக்கு வெளியே ஓடிய வேலிக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தாள். இறங்கும்போது அவன் வழக்கம்போல அவள் பையை எடுத்துக்கொண்டான். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள் எதிரே ஆடியவர்கள் ஜீலாங்கிலிருந்து வந்த அண்ணனும் தங்கையும். முதல் செட்டை ரூபர்ட் வழக்கம்போல அங்குமிங்கும் பாய்ந்து வாங்கிக் கொடுத்தான். முந்தைய நாள் ரயிலில் எதுவுமே நடக்காத மாதிரி உற்சாகமாக இருந்தான். இரண்டாவது செட்டின் முதல் பந்து, ஹெஸ்டரின் வலது கைக்கு, அவள் ஆயிரம் தடவை தகரச் சுவரில் அடித்துப் பழகிய உயரத்தில் வந்தது. வெள்ளைக் கால்சட்டை குறுக்கே பாய்ந்தது. "விடுங்க, நான் பாத்துக்கறேன்!"

ஹெஸ்டர் விட்டாள்.

அந்தப் பந்தை மட்டும் இல்லை, அதற்கப்புறம் வந்த எல்லாவற்றையும் விட்டாள். தன் முறை வரும்போது சர்வீஸ் போட்டாள். எதிராளி தனக்குப் போட்ட சர்வீஸைத் திருப்பி அடித்தாள். அதோடு சரி. மைதானத்தின் ஓரத்துக்குப் போய் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, டிராமுக்குக் காத்திருப்பவள் போல நின்றுகொண்டாள். முதலில் ரூபர்ட்டுக்கு அது தெரியவில்லை. தெரிந்தபோது பிடித்துத்தான் இருந்தது. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடினான். முடியாத பந்தையெல்லாம் எடுத்தான். ஜனங்கள் எழுந்து நின்று கூவினார்கள். ஜீலாங் அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, பந்தை ஒரு தடவை இந்த மூலையிலும் மறு தடவை அந்த மூலையிலும் பொறுமையாகப் போட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கூவல் சிரிப்பாக மாறியது. இரண்டாவது செட் போய்விட்டது. மூன்றாவதில் முதல் மூன்று கேமும் போன பிறகு அவன் அவளிடம் வந்தான். முகம் வெந்த பீட்ரூட் மாதிரி இருந்தது. மூச்சு வாங்கியது.

"மிஸ் பாஸ்கோ... உங்களுக்கு உடம்பு ஏதாவது..."

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப ஏன் பந்தை விடறீங்க?"

"நீங்கதானே விடச் சொன்னீங்க? ஆறு வருஷமாச் சொல்றீங்க. இன்னைக்குத்தான் கேக்கணும்னு தோணுச்சு."

"ஜனங்க சிரிக்கறாங்க."

"தெரியுது. உங்களுக்கு இப்பத்தான் தெரியுதா?"

அவன் முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து நின்றான். நடுவர் மேலேயிருந்து இருமினார். "சரி" என்றான் ரூபர்ட் கடைசியில். "என்ன பண்ணணும், சொல்லுங்க."

அவள் மட்டையின் நுனியால் புல்லில் ஒரு கோடு கீறினாள். "இதைத் தாண்டி வராதீங்க. அவ்வளவுதான். இதைத் தாண்டி வர்ற பந்து கஷ்டமா இருந்தாலும் என்னுது, லேசா இருந்தாலும் என்னுது."

அதன் பிறகு நடந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் வெகுகாலம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் தன் பக்கத்தில் நின்றான். அவள் பின்னாலிருந்து அடித்த பந்துகள் எதிரணியை மூச்சுத் திணற வைத்தன. தடுமாறித் திரும்பி வந்ததை அவன் வலைக்கு மேலே வைத்து முடித்தான். ஒருவர் அடிக்கும்போது இன்னொருவர் எங்கே நிற்க வேண்டும் என்பது இருவருக்கும் கேட்காமலே தெரிந்தது. ஆறு வருடம் சேர்ந்து ஆடி, உண்மையில் சேர்ந்து ஆடியது அந்த அரைமணி நேரம்தான் என்று ஹெஸ்டர் நினைத்துக்கொண்டாள். இதை எப்போதோ செய்திருக்கலாமே, மடையா! ஐந்துக்கு ஐந்து என்று சமமாகி, ஆறுக்கு ஐந்து என்று எதிரணி ஒரு கேம் முந்தி, அடுத்த கேமும் இழுபறியாக நின்றது. அப்போது ஒரு பந்து உயரமாக எழும்பி, மெதுவாக, அவள் தலைக்கு மேலே வந்தது. அவள் கையை ஓங்கினாள். வெயிலில் ஒரு நிழல் விழுந்தது.

"நான் பாத்துக்க..."

அவன் கோட்டைத் தாண்டியிருந்தான். பந்து வலையில் போய் மோதியது. அடுத்த புள்ளியோடு ஆட்டம் முடிந்தது. புல்லில் கீறிய கோட்டின் மேலேயே நின்றுகொண்டு அவன் தன் காலைப் பார்த்தான், அது வேறு யாருடைய கால் போல. ஹெஸ்டர் எதிரணிக்குக் கை கொடுத்துவிட்டு, உடை மாற்றும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, துண்டை வாயில் வைத்து அழுத்தி ஒருமுறை கத்தினாள்.

செய்தித்தாளில், மிஸ் பாஸ்கோ சோர்ந்து போனதால் மிஸ்டர் டல்கார்னோ தனி ஆளாகப் போராடித் தோற்றார் என்று வந்தது. டென்னிஸ் சங்கத்தின் செயலாளர் மிஸ்டர் பெட்டிஃபர், மீசையை முறுக்கிக்கொண்டே அவளிடம் விளையாட்டு வீரர்களுக்கு உரிய பண்பைப் பற்றி நெடுநேரம் பேசினார். சிட்னி அணியோடு ஆடப்போகும் பெண்கள் அணியில் அவளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசிப்பதாகச் சொன்னார்.

இது ரூபர்ட்டின் காதுக்கு எட்டியது. அவன் பதறிப்போய்க் கடைக்கு ஓடி வந்தான். "தப்பு என்னுது. பெட்டிஃபர்கிட்ட நானே பேசறேன். நீங்க கவலையே படாதீங்க."

"வேண்டாம்! தயவு செஞ்சு பேசாதீங்க!" என்று ஹெஸ்டர் வைக்கோல் கட்டுக்குப் பின்னாலிருந்து கத்தினாள். அதற்குள் அவன் ரயிலடிக்குப் போகும் டிராமில் ஏறிவிட்டான்.

பேசினான். நல்ல எண்ணத்தோடு, அவளைக் காப்பாற்றுவதற்காக, மிஸ் பாஸ்கோ வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை, பாவம், அவளுக்குக் கொஞ்ச நாளாக நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிவிட்டு வந்தான். பெட்டிஃபர் மனமிரங்கிப் பண்பு விஷயத்தை மன்னித்துவிட்டார். உடல்நிலையைக் காரணம் காட்டி அவளை அணியிலிருந்து எடுத்துவிட்டார். ஓய்வெடுக்கும்படி அன்போடு சொல்லியனுப்பினார்.

அந்த வருடம் போர் வந்தது. நாலு வருடங்களுக்குப் போட்டிகளே இல்லை. வண்டி ஓட்டுகிறவர்கள் படைக்குப் போய்விட்டதால் ஹெஸ்டரே தீவன வண்டியை ஓட்டினாள். தன் ஆட்டத்தின் நல்ல வருடங்கள் வைக்கோல் தூசியோடு போய்க்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் ஊரில் வீட்டுக்கு வீடு பிள்ளைகளை இழந்துகொண்டிருந்தபோது அதை யாரிடம் போய்ச் சொல்வது? மாலையில் கடையைப் பூட்டிய பிறகு தகரச் சுவரோடு ஆடினாள். அவ்வளவுதான் முடிந்தது.

ரூபர்ட் பிரான்ஸ் போர்முனையிலிருந்து மடங்காத இடது முழங்காலோடு திரும்பி வந்தான். வந்த ஆறாவது மாதம் எனிட் என்ற, பெரிய கண்களும் வேகமான பேச்சும் உள்ள பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். ஈஸ்டர் சமயத்தில் ஒருநாள் கடைக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு, பெண்டிகோ திருவிழாப் போட்டியில் ஒரு தடவை சேர்ந்து ஆடலாமா என்று கேட்டான். மறுக்க ஹெஸ்டருக்கு மனம் வரவில்லை. இனிமேல் எங்கே ஓடப் போகிறான், பாவம், என்று நினைத்தாள்.

அவன் ஓடவில்லைதான். ஆனால் கத்தினான்.

பந்து எங்கே வந்தாலும், அதே உற்சாகத்தோடு, "நான் பாத்துக்கறேன்!" என்றான். சொல்லிவிட்டு ஒரு அடி எடுத்து வைப்பான். கால் வராது. பந்து அவனைத் தாண்டிப் போகும். அதற்குள் நின்றுவிட்ட ஹெஸ்டர் மறுபடி உயிரைக் கொடுத்து ஓடிப்போய் எடுக்க வேண்டும். முன்பு பந்து கிடைக்காத தொல்லை. இப்போது அவன் பந்தும் சேர்த்துத் தன் தலையில். வெளியே தெருவில், திருவிழாவுக்காக ஊர்ச் சீனர்கள் வருடா வருடம் நடத்தும் டிராகன் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. பட்டாசுச் சத்தத்தில் அவன் கத்துவது கேட்காமல் போன சமயங்களில்தான் அவர்களுக்குப் புள்ளி விழுந்தது. எப்படியோ ஜெயித்தார்கள். மிஸ்டர் டல்கார்னோ நின்ற இடத்திலிருந்தே ஆட்டத்தை நடத்திச் சென்ற அழகை மறுநாள் செய்தித்தாள் பாராட்டியிருந்தது.

ஆட்டம் முடிந்ததும் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் காலை நீட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"மிஸ் பாஸ்கோ, ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். அந்த மெல்போர்ன் ஆட்டத்துல, நீங்க ஓரமாப் போய் நின்னீங்களே... அங்கேருந்து பாக்க நான் எப்படி இருந்தேன்?"

"ஒரே சமயத்துல நாலு கோழியைத் தொரத்தற நாய் மாதிரி."

அவன் முதலில் விழித்தான். பிறகு சிரித்தான். இருமல் வரும்வரை சிரித்தான். "பக்கத்துல படுத்திருந்தவன்கிட்ட அந்தக் கதையைச் சொல்லுவேன், ஆஸ்பத்திரியில" என்றான். "கடைசிப் பந்தைப் பத்தி மட்டும் சொல்லமாட்டேன். அது உங்க பந்துதான்."

இதைச் சொல்ல இத்தனை வருடமா என்ற கேள்வி வாய் வரை வந்தது. அவன் கொடுத்த ஆரஞ்சை வாங்கித் தானே உரித்துத் தின்றாள்.

அதற்கப்புறம் அவள் கலப்பு இரட்டையரில் ஆடுவதை விட்டுவிட்டாள். ஒற்றையர் மட்டும் ஆடினாள். முப்பத்தைந்து வயதில், எதிரே இருபது வயதுப் பெண்கள் கெண்டைக்கால் வரை ஏறிய பாவாடையில் துள்ளிக்கொண்டு வந்த காலத்தில், கணுக்கால் வரைக்கும் தொங்கும் பழைய பாவாடையோடு மெல்போர்னுக்குப் போய், மாநிலப் பட்டத்தை மறுபடியும் வென்றாள். இறுதி ஆட்டத்தில் ஆடிய பெண்ணுக்கு நல்ல வேகம். ஆனால் எங்கே அடித்தாலும் பந்து திரும்பி வந்தது. மூன்றாவது செட்டில் அந்தப் பெண் இடுப்பில் கைவைத்து நின்று, "இன்னும் எவ்வளவு நேரம்தாங்க இப்படி?" என்று கேட்டேவிட்டாள்.

திங்கட்கிழமை காலை ஹெஸ்டர் செய்தித்தாளைப் பிரிக்க அவசரப்படவில்லை. அதற்குள் கடை வாசலில் ரூபர்ட்டின் மனைவி எனிட் வந்து நின்றாள். தொப்பி கோணலாக இருந்தது. கையில் செய்தித்தாளைக் கசக்கிப் பிடித்திருந்தாள்.

"இதைப் பாத்தீங்களா? பாத்தீங்களா நீங்க?"

முதல் தடவையாகச் செய்தி பெரிய எழுத்தில் வந்திருந்தது. பெண்டிகோ வீராங்கனை மீண்டும் சாம்பியன். அதற்குக் கீழே: "திருமதி ஆர். டல்கார்னோ (முன்னாள் மிஸ் பாஸ்கோ) அபார வெற்றி."

ஹெஸ்டர் அதை இரண்டு தடவை படித்தாள்.

"நான் உயிரோட இருக்கேன்!" என்றாள் எனிட். "காலையில பால்காரன் என்னைப் பாத்து, கோப்பையைக் காட்டுங்கம்மாங்கறான்! பக்கத்து வீட்டுக்காரி அவரைப் பத்தி ஒரு மாதிரியாப் பேசறா! இவரு என்னடான்னா சிரிக்கறாரு. நான் போய்ப் பேசிப் பாத்துக்கறேங்கறாரு."

"போயிட்டாரா?" என்று ஹெஸ்டர் பதறினாள்.

"விடுவேனா? பூட்ஸை ஒளிச்சு வச்சிட்டு வந்திருக்கேன். வீட்டுல அவரு பாத்துக்கற லட்சணத்துல ஏற்கெனவே ரெண்டு சட்டி போச்சு. நீங்க தொப்பிய எடுங்க, நாம போவோம்."

இருவரும் பால் மால் என்ற பெரிய கடைத்தெரு வழியாக வேகமாக நடந்தார்கள். செய்தித்தாள் அலுவலகத்தில் விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மிஸ்டர் டாப் என்ற வழுக்கைத்தலை ஆள், அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"என் புருஷன் பேரை யார் மேல வேணும்னாலும் ஒட்டுவீங்களா?" என்று எனிட் ஆரம்பித்தாள்.

மிஸ்டர் டாப் ஒருவர் முகத்தை விட்டு ஒருவர் முகத்தைப் பார்த்தார். "எங்க வாசகர்களுக்கு ரெண்டு பேரையும் சேத்தே பாத்துப் பழக்கம்... டல்கார்னோவும் பாஸ்கோவும்னா... இயல்பா..." என்று இழுத்தார். "சின்னதா ஒரு திருத்தம் போட்டுடறேன்."

"சின்னதா வேண்டாம்" என்றாள் ஹெஸ்டர். "பேனாவை எடுங்க. நான் சொல்லச் சொல்ல இப்பவே எழுதுங்க."

அவர் எடுத்தார். அவள் தன் பெயரைச் சொன்னாள். எழுத்துக்கூட்டியும் சொன்னாள். மூன்று செட்டின் கணக்கையும் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டே வந்து, பழக்கதோஷத்தில் தலையை நிமிர்த்தி, "ஜோடி யாரு?" என்று கேட்டார்.

"ஒற்றையர் ஆட்டம், மிஸ்டர் டாப்!"

"ஆமா, ஆமா" என்று அவர் குனிந்துகொண்டார். எனிட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா என்று ஹெஸ்டர் எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அடக்க முடியாமல் ஹெஸ்டரும் சிரித்துவிட்டாள். அங்கிருந்து இருவரும் ஒரு தேநீர்க் கடைக்குப் போய் மாவுக்குள் ஆட்டிறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' வாங்கித் தின்றார்கள். பூட்ஸ் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதனை மாலை வரை மறந்துபோனார்கள்.

திருத்தம் புதன்கிழமை சரியாகவே வந்தது. பெயரில் ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.

அதன் பிறகு அவள் இன்னொரு தடவை மாநிலப் பட்டம் வென்றாள். தோள்பட்டை வலி தாங்க முடியாமல் போனபோது போட்டிகளை நிறுத்தினாள். சங்கம் அவளைத் தன் செயற்குழுவில் சேர்த்துக்கொண்டது. அதில் உட்கார்ந்த முதல் பெண் அவள்தான். முதல் கூட்டத்தன்று நீண்ட மேசையைச் சுற்றி ஒன்பது ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேசையின் கோடியில் தேநீர்ப் பானையும் கோப்பைகளும் வைக்கப்பட்டிருந்தன. மிஸ்டர் பெட்டிஃபருக்கு இப்போது மீசை நரைத்திருந்தது. அவர் அவளை அன்போடு வரவேற்றுப் பேசிவிட்டு, பானை இருந்த பக்கம் கையைக் காட்டி, "மிஸ் பாஸ்கோ, சிரமம் இல்லேன்னா எல்லாருக்கும்..." என்றார்.

ஹெஸ்டர் எழுந்து போய்த் தன் கோப்பையில் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சர்க்கரை போட்டுக் கலக்கினாள். மற்றவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு மிஸ்டர் பெட்டிஃபர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, தனக்குத் தானே ஊற்றிக்கொள்ளப் போனார். கூட்டம் மைதான வேலி பழுதுபார்ப்பதில் தொடங்கியது.